டயரில் காற்றுப் பார்க்கும் அக்கா

சிவப்பு விளக்கு விழுந்தால் போதும், பிரேக் அக்கா பேச்சை நிறுத்திவிடுவார். பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழியும் மாணவர் எதைக் கேட்டாலும் பதில் வராது. முதுகு நிமிரும், தாடை இறுகும், பார்வை எதிரே நிற்கும் லாரியின் பின்பலகையில் போய் ஒட்டிக்கொள்ளும். பச்சை விழுந்ததும் ஒரு பெருமூச்சு. "ம், எடுங்க. முதல் கியர்." புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, சிக்னலில் நிற்பது ஏதோ ஆபத்தான காரியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்காரப் பழகியே போய்விட்டார்கள். இந்த நகரத்துச் சிக்னல்களில் காரணமில்லாமல் விறைத்துக்கொண்டு நிற்கும் ஓட்டுநர் யாரையாவது பார்த்தால், அவர் அக்காவிடம் கார் கற்றவர் என்று தாராளமாக நினைத்துக்கொள்ளலாம்.

உண்மையில் அது ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்த பயிற்சி. "நாலு பேர் நடுவுல காத்து பிரியப் பாக்குதுன்னு வச்சுக்கங்க, அப்போ எப்படி இறுக்குவீங்க? அப்படி இறுக்கிப் பிடிச்சு மெதுவா விடுங்க. நாள் முழுக்க அப்பப்போ செய்யணும்." வீட்டில் இருந்தால் அக்காவுக்கு இது ஞாபகத்துக்கே வராது. சிக்னல்தான் ஞாபகப்படுத்துகிறது. "கவர்மெண்டே எனக்காக கம்பம் நட்டு, விளக்குப் போட்டுச் சொல்லுது, இறுக்கு, விடுன்னு. அதைக்கூட செய்யலைன்னா எப்படி?" என்பார்.

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. மற்ற பயிற்சியாளர்கள் அவசரத்துக்குத்தான் அதில் கால் வைப்பார்கள். அக்காவின் வலது கால் வண்டி கிளம்பிய நேரம் முதல் நிற்கும் நேரம் வரை அந்தப் பிரேக்கின் மேலேயே கிடக்கும். அதனால்தான் அந்தப் பெயர். வலது ஷூவின் அடிப்பகுதியில் பெடல் படும் இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. வீட்டில் டிவியில் ஒரு கார் வேகமாகப் போனாலும் அக்காவின் கால் தரையை அழுத்தும். இத்தனை வருடத்தில் இடித்தது ஒரே ஒரு பூந்தொட்டி. அதையும் அது நடுத்தெருவில் இருந்ததாகத்தான் இன்றுவரை சாதித்துக்கொண்டிருக்கிறார்.

ஐம்பத்தைந்தைத் தொடப்போகும் வயது. கருப்பும் கருநீலமும் தவிர வேறு நிறத்தில் உடுத்த மாட்டார். "அக்காவுக்கு டிரஸ் சென்ஸ் ஜாஸ்தி" என்று பள்ளி முதலாளி மெச்சிக்கொள்வார். அந்த நிறங்களில் ஈரம் தெரியாது என்பது முதலாளிக்குத் தெரியாது. தோளில் எப்போதும் ஒரு கைப்பை. அதில் மாற்றிக்கொள்ள ஈரம் உறிஞ்சும் பேடுகள், ஒரு மாற்று உள்ளாடை, ஒரு நெகிழிப் பை. இவற்றுக்கு மொத்தமாக அக்கா வைத்திருக்கும் பெயர் 'ஸ்டெப்னி'. ஸ்டெப்னி இல்லாமல் வண்டி எடுப்பவன் முட்டாள் என்று மாணவர்களிடம் அவர் சொல்லும்போது, அவர்கள் பின்னால் டிக்கியில் இருக்கும் மாற்று டயரை நினைத்துத் தலையாட்டுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் அக்காவுக்குக் கருப்பை வாயில் புற்று வந்தது. வாரக்கணக்கில் அடிவயிற்றுக்குக் கதிர்வீச்சு. அங்கே ஒரு விதி: தண்ணீர் குடித்து, மூத்திரப்பையை நிறைத்துக்கொண்டுதான் மேஜையில் ஏற வேண்டும். பை நிறைந்திருந்தால் குடல் ஒதுங்கிக்கொள்ளும், அதன்மேல் கதிர் அதிகம் படாது. ஆகவே தினமும் வயிறு முட்டக் குடித்துவிட்டு, கால்களைப் பின்னிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே படுக்க வைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். கூரையிலிருந்து மைக்கில் ஒரு பெண்குரல் மட்டும் வரும். "அசையாதீங்கம்மா. சாதாரணமா மூச்சு விடுங்க. இதோ முடிஞ்சிரும், இதோ முடிஞ்சிரும்." அக்கா ஒரு நாளும் அசைந்ததில்லை, ஒரு சொட்டும் விட்டதில்லை. அந்த வார்டில் பிடித்து வைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அப்போது ஒரு தலைக்கனம்கூட இருந்தது.

புற்று போய்விட்டது. போகும்போது பையை எடுத்துக்கொண்டு போகவில்லையே தவிர, விட்டுவைத்துப் போனதும் உருப்படியாக இல்லை. கதிர் பட்ட தசை நாளாக ஆகத் தடித்து, விரியும் தன்மை போய்விட்டது என்று டாக்டர் விளக்கினார். அக்கா அதைத் தன் பாஷையில் மாற்றிக்கொண்டார். "பலூன் இருந்த இடத்துல இப்போ செருப்புத் தோல் இருக்கு." கொஞ்சம் சேர்ந்தாலே முட்டுகிறது. முட்டினால் உடனே போயாக வேண்டும், நேரம் காலம் பார்க்காது, சபை மரியாதை தெரியாது. அதனால் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்துவிட்டார். "மாமியார் கூப்பிடுறாங்க" என்றால் வீட்டில் எல்லாரும் வழிவிட வேண்டும். அக்காவின் நிஜ மாமியார், பாவம், கடைசிவரை தண்ணீர்கூடத் தானே எடுத்துக் குடித்த மனுஷி.

அக்காவின் கணவர் குழாய் வேலை செய்பவர். இந்த இடத்தில் உங்களுக்குத் தோன்றும் கேலி அக்காவுக்கும் தோன்றாமல் இல்லை. "ஊர்ல ஒழுகுற குழாயெல்லாம் அடைக்கிற மனுஷன், வீட்டுக்குழாயைப் பாத்துக் கையைப் பிசையுறார். வாஷர் எங்கயும் கிடைக்கலையாம்." அவர் சிரிக்க மாட்டார். அதிகம் பேசாத ஆள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிவறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டு, தோளால் தள்ளினாலே திறக்கும்படி கதவை மாற்றி மாட்டினார். கட்டிலிலிருந்து கழிவறை போகும் வழியில் இருந்த நாற்காலியை எடுத்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார்.

நகரத்தில் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று அக்காவைக் கேட்டுப் பயனில்லை. எந்தக் கழிவறையில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும், எங்கே கைப்பை மாட்ட ஆணி உண்டு, எங்கே சாவி கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள் என்று கேளுங்கள், உட்கார வைத்துச் சொல்லுவார். நூலகத்துக் கழிவறைக்குத்தான் அவர் மனதில் முதலிடம். என்ன, நூலகர் நல்லவர். "என்ன புத்தகம் தேடுறீங்க?" என்று வாசலிலேயே கேட்டுவிடுவார். கூச்சத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து வந்து, எடுத்து வந்ததைப் படிக்காமல் விட மனசு கேட்காமல், அக்கா தேனீ வளர்ப்பைப் பற்றி ஒரு கனமான புத்தகத்தை முழுசாகப் படித்திருக்கிறார்.

ஆகவே மற்ற பயிற்சியாளர்கள் மாணவர்களை மேடு, வளைவு, நெரிசல் என்று கூட்டிப்போனால், அக்கா கூட்டிப்போகும் பாதை கழிவறையிலிருந்து கழிவறைக்குப் போகும். அதில் முக்கியமான தங்குமிடம் பெட்ரோல் நிலையம். அங்கே டயருக்குக் காற்று அடிக்கும் இயந்திரத்துக்குப் பின்னாலேயே கழிவறை. "ஓரமா நிறுத்துங்க. டயர்ல காத்துப் பாக்கணும். நீங்க இறங்க வேண்டாம், கையை மடியில வச்சுட்டு உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பையை அணைத்துக்கொண்டு இறங்குவார். திரும்பி வந்து சீட் பெல்ட்டை மாட்டியபடி, "காத்து சரியா இருக்கு" என்பார். ஒரு பாடத்துக்குள் இரண்டு மூன்று முறை காற்றுப் பார்த்தாக வேண்டியிருக்கும். மாணவர்கள் ஒருவரும் சந்தேகப்படவில்லை. கார் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

விஷயம் சந்தி சிரித்திருக்க வேண்டியது, ஒரு பல் டாக்டரால். அவர் அக்காவிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் தேர்வுக்குப் போனார். தேர்வு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து, "நேரா போங்க" என்றிருக்கிறார். இவர் பெட்ரோல் நிலையத்தைக் கண்டதும் பழக்க தோஷத்தில் இண்டிகேட்டரைப் போட்டு, உள்ளே திருப்பி, காற்று இயந்திரத்தின் பக்கத்தில் அழகாக நிறுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டுவிட்டார்.

"எதுக்கு நிறுத்தினீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"டயர்ல காத்துப் பாக்கணும் சார்."

"சரி, போய்ப் பாருங்க."

"நான் இறங்கக் கூடாது சார். நீங்கதான் போகணும்."

அதிகாரி என்ன நினைத்தாரோ, இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். பின்டயர் ஒன்றில் உண்மையிலேயே காற்று குறைந்திருந்தது. தன் அனுபவத்தில் டயரைக் கவனித்த முதல் மாணவர் இவர்தான் என்று மெச்சி லைசென்ஸ் கொடுத்துவிட்டார். செய்தி பள்ளிக்கு வந்ததும் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரமே வாசல் பலகையில் 'டயர் பராமரிப்புப் பயிற்சியும் உண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுத வைத்தார். அக்காவைக் கூப்பிட்டுக் கைதட்டி, காற்றழுத்தம் பார்க்கும் பளபளப்பான கருவி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அன்று முதல் அதையும் கையில் பிடித்துக்கொண்டுதான் அக்கா கழிவறைக்குப் போக வேண்டியதாயிற்று. மற்ற பயிற்சியாளர்கள் இவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். அவர்களும் இப்போது வழியில் நிறுத்திக் காற்றுப் பார்த்தாக வேண்டும்.

முதலாளியிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அக்காவுக்குப் பயம். "ரொம்ப நல்லவன். தெரிஞ்சா பாவம் பாப்பான். 'அக்கா, நீங்க ஆபீஸ்ல ஃபேன் கீழ ஜம்முனு உக்காருங்க'ம்பான். உக்காந்தா நான் அவ்வளவுதான்." முதுகுவலி வந்த ஒரு பயிற்சியாளரை அப்படித்தான் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தார்கள். அவர் இப்போது யார் வந்தாலும் தன் முதுகைப் பற்றியே பேசுகிறார்.

இதெல்லாம் சிரிக்கிற சமாசாரம். சிரிக்க முடியாத ஒன்று ஒரு காலையில் வந்தது. கழிவறையில் எழுந்து திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

புற்று மறுபடியும் வந்துவிட்டதா? யாரிடம் சொல்ல? சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவார்கள், உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பார்கள், பார்த்தால் அது இருந்துவிடும். பார்க்காதவரை இல்லை. ஊருக்கெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்க்கச் சொல்லும் மனுஷி, அந்தக் காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தார். நேற்றுச் சாப்பிட்ட பீட்ரூட்டாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நேற்று வீட்டில் பீட்ரூட்டே இல்லை. அது நினைவுக்கு வந்ததும், நேரே கடைக்குப் போய் ஒரு பை நிறைய பீட்ரூட் வாங்கி வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பீட்ரூட்தான். பொடியாக நறுக்கி, சீவி, வேகவைத்து, பச்சையாக. சிவப்புக்குக் காரணம் வேண்டும், அவ்வளவுதான். இப்போது கண்ணாரப் பார்த்தாலும் எது பீட்ரூட், எது ரத்தம் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் புத்திசாலித்தனத்தை எண்ணி அக்கா சில நாள் நிம்மதியாகக்கூட இருந்தார். கணவர் மூன்றாம் நாள் தட்டைப் பார்த்து, "பீட்ரூட் மேல என்ன திடீர்னு பாசம்?" என்றார். "ரத்தம் ஊறும்" என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது தன் காதில் விழுந்தது. தண்ணீரையும் குறைத்துவிட்டார். போத்தல் மூடியில் ஊற்றி, மூடி மூடியாகத் தொண்டையை நனைத்துக்கொள்வார். ஆஸ்பத்திரிச் சோதனைக்குப் போக வேண்டிய நாளும் வந்து போனது. அன்று வேலை இருந்ததாகச் சொல்லிக்கொண்டார். இருந்தது, சாயங்காலம்.

இப்படிப் பூசி மெழுகிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தப் புது மாணவி வந்து சேர்ந்தாள். நாற்பதை நெருங்கும் வயது, அமைதியான முகம், கிளட்ச் என்றாலே நடுக்கம். முதல் நாள், கடைத்தெருவில் எதிரே ஒரு பஸ் வந்தது. மாணவி ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தனக்குத்தானே முணுமுணுத்தாள்: "இதோ முடிஞ்சிரும், இதோ முடிஞ்சிரும்."

அக்காவின் கால் தன்னை அறியாமல் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் நடுத்தெருவில் குலுங்கி நின்றது. பின்னால் வரிசையாக ஹார்ன்.

"நீங்க மைக்ல பேசுற ஆளா?" என்றார் அக்கா.

"எந்த மைக், அக்கா?"

"'அசையாதீங்கம்மா, சாதாரணமா மூச்சு விடுங்க.'"

மாணவி திரும்பிப் பார்த்தாள். ஆமாம், அந்த ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்குகிறவள் அவள்தான். ஆனால் அக்காவின் முகம் அவளுக்குப் பிடிபடவில்லை. "தப்பா நினைக்காதீங்க. நாங்க எல்லாரையும் மேல இருக்கிற கேமராவுல, படுத்த மாதிரிதான் பாப்போம்." அக்கா பேசாமல் சீட்டை அப்படியே பின்னால் சாய்த்து, கையை மார்பில் வைத்து, கூரையைப் பார்த்தபடி படுத்தார். மாணவி மேலிருந்து குனிந்து பார்த்தாள். "அட, நீங்கதான். பாட்டுப் போடவான்னு கேட்டா, 'பாட்டு வேண்டாம், தாளம் போட்டா பை ஒடஞ்சிரும்'னு சொன்ன அம்மா." பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார்.

அன்று முதல் அவள் பெயர் 'மைக்'. பழைய கணக்கைத் தீர்க்க அக்காவுக்கும் வாய்ப்பு. "அசையாதீங்கம்மா, கையை மட்டும் திருப்புங்க. சாதாரணமா மூச்சு விடுங்க" என்று வளைவுகளில் வாய் கூசாமல் சொல்லுவார். மைக்கும் சிரித்துக்கொண்டே வண்டியை மதில்பக்கம் கொண்டுபோவாள். இரண்டாவது வாரம், பெட்ரோல் நிலையத்தில் அக்கா காற்றுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் மைக் வண்டியை எடுக்கவில்லை.

"அக்கா, டயர்ல காத்துப் பாக்கிறவங்க எதுக்கு ஹேண்ட்பேக்கை எடுத்துட்டுப் போறீங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்டால் அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். சிரித்து முடித்து, மாமியார், செருப்புத் தோல், ஸ்டெப்னி, நூலகர், தேனீ என்று எல்லாவற்றையும் ஒரு மூச்சில் கொட்டினார். மைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு, "தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்றாள். அக்கா போத்தல் மூடியைக் காட்டினார்.

"அப்படிக் குறைக்கக் கூடாது அக்கா. குறைச்சா மூத்திரம் கெட்டியாகி இன்னும் எரியும், இன்னும் முட்டும். சரி, செக்கப்புக்கு வர்றீங்கதானே?"

"பீட்ரூட் சாப்பிடுறேன், அதான் சிவப்பா போகுது" என்றார் அக்கா.

மைக் அக்காவின் பக்கம் திரும்பினாள். "நான் நிறத்தைப் பத்தி எதுவும் கேக்கலையே அக்கா."

அக்கா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். மைக்கும் வற்புறுத்தவில்லை. முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு, வண்டியை நகர்த்தினாள். பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அக்காவுக்கு வந்ததே கோபம். பிரேக்கை மிதித்தார். "பின்னாடி என்ன வருதுன்னு பாக்காம எடுப்பீங்களா? நீங்க பாக்கலைன்னா அது வராம போயிருமா?" இருபது வருடமாக எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம். அன்றுதான் அதை அவர் தானே கேட்டார். மைக் கண்ணாடியைப் பார்த்தாள். "பாத்துட்டேன் அக்கா. ஒண்ணும் வரல. எடுக்கவா?" அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையாட்டினார். தன் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது அவருக்கு.

இறங்கும்போது மைக் இவ்வளவுதான் சொன்னாள். "கதிர் பட்ட பையில, வருஷம் கழிச்சு ரத்தம் வர்றது உண்டு அக்கா. நீங்க பயப்படுறதாத்தான் இருக்கணும்னு இல்ல. அது இல்லைன்னும் நான் சொல்ல முடியாது. டாக்டர் உள்ள பாத்துத்தான் சொல்லணும். முதல்ல அந்த பீட்ரூட்டை நிறுத்துங்க."

பீட்ரூட்டை நிறுத்துவது சின்ன விஷயமா? நிறுத்தினால் பார்க்க வேண்டும். கூடையில் மிச்சமிருந்ததை வீணாக்கக் கூடாது என்று அக்கா இன்னும் இரண்டு நாள் இழுத்தார். மூன்றாம் நாள் முட்டைக்கோஸ் நறுக்கினார். கணவர் தட்டைப் பார்த்து, "அப்பாடா" என்றார், வாய்விட்டு. மறுநாள் காலை தண்ணீர் சிவப்பாகத்தான் இருந்தது. அதற்கு மறுநாளும். அக்கா கழிவறையிலிருந்து வந்து, ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவரின் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் கையிலிருந்த இன்னொரு ஷூவைக் கீழே வைத்தார். பிறகு, கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்கா பார்த்திராத ஒரு கோபத்தில், "அப்போ நான் ஏன் பீட்ரூட் தின்னேன்?" என்றார்.

"நான் மட்டும் தின்னா சந்தேகம் வருமேன்னு."

"நீ பயந்த, சரி. சொல்லியிருந்தா நானும் கூட பயந்திருப்பேன்ல? அதை விட்டுட்டு, ஒருத்தனுக்கு ஒண்ணுமே தெரியாம பீட்ரூட்டைப் போட்டு..." ஒரு ஷூ மாட்டிய காலோடு எழுந்து போய், கூடையின் அடியில் கிடந்த கடைசி பீட்ரூட்டை எடுத்துக் குப்பையில் போட்டார். திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். காலியான பையோடு வரலாம் என்றார்கள். "முதல் தடவையா அந்த இடம் என் சௌகரியத்தைக் கேக்குது" என்றார் அக்கா. விடுப்புக் கேட்கப் போன இடத்தில் முதலாளியிடமும் சொல்லியாகிவிட்டது. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"அப்போ டயரு அக்கா?"

"டயர்ல காத்தை நான் ஒரு நாளும் பாத்ததே இல்ல தம்பி."

"போர்டு எழுதிட்டோமே."

"இருக்கட்டும். நல்ல பழக்கம்தானே."

"நீங்க எங்க வேணும்னாலும் நிறுத்திக்கங்க அக்கா, யார் கேக்கப் போறா. ஆபீஸ்ல மட்டும் உக்காராதீங்க. ஏற்கனவே ஒருத்தர் முதுகைப் பத்திப் பேசியே என்னைக் கொல்றாரு." அக்கா பயந்த ஃபேன் கடைசியில் அவருக்குக் கிடைக்காமலே போனது. அன்றைய தினத்துக்குப் பயிற்சிக் காரையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

காரை ஓட்டியது மைக். அன்று அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை, பாடமும் பாக்கி இருந்தது. பின்சீட்டில் கணவர், மடியில் ஸ்டெப்னியைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு. அக்கா வழக்கமான இடத்தில், வழக்கம் போல் வலது கால் பிரேக்கின் மேல். கிளம்பியதிலிருந்து வாய் ஓயவில்லை. "கேமராவாம். உள்ள போய்ப் பாத்தா மாமியார் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருப்பாங்க." ஒருவரும் சிரிக்காததால் தானே சிரித்துக்கொண்டார். பெட்ரோல் நிலையம் வந்ததும் மைக் கேட்காமலே இண்டிகேட்டரைப் போட்டு உள்ளே திருப்பினாள். அக்கா போய்விட்டு வந்து, பெல்ட்டை மாட்டினார். "காத்து சரியா இருக்கு" என்று பின்சீட்டிலிருந்து கணவர் சொன்னார். அக்கா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக்கு முந்தைய சிக்னலில் சிவப்பு விழுந்தது. அக்கா இறுக்கவில்லை. லாரியின் பின்பலகையைப் பார்க்கவில்லை. "எனக்கு பயமா இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல். அன்று கேலி ஒன்றும் சேர்க்காமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். பின்சீட்டிலிருந்து ஒரு கை வந்து அவர் தோளில் அமர்ந்தது. விரலிடுக்கில், குழாய் மூட்டில் சுற்றும் நூலின் மிச்சம் ஒட்டியிருந்தது.

பச்சை விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குள் போக, எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திருப்ப வேண்டும். இத்தனை நாளில் மைக்குக்கு ஒரு முறைகூடச் சரியாக வராத திருப்பம் அது. கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டரைப் போட்டாள். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. "இதோ முடிஞ்சிரும், இதோ முடிஞ்சிரும்" என்று அவள் உதடு முணுமுணுக்க ஆரம்பித்தது.

அக்கா குனிந்து ஷூ இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார். பெடல்களிலிருந்து கால்களைத் தூக்கி, சீட்டின் மேல் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.